மேல்பல்லும் கண்ணும்: தேனி, இடுக்கி மாவட்டங்களின் பல் மருத்துவர்களுக்கும் மூக்கு மருத்துவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய மருத்துவர்களுக்கு,

வணக்கம். மேல்பல்லைப் பிடுங்கினால் கண்ணு போயிரும் என்று எங்கள் பக்கம் ஒரு பேச்சு உண்டு. கம்பம், கூடலூர், உத்தமபாளையம், எங்கே போய்க் கேட்டாலும் நாலு பேர் சொல்வார்கள். பல் மருத்துவர்களான உங்களுக்கு இது புதிதில்லை. தினமும் ஒரு ஆளிடமாவது "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதும்மா" என்று சொல்லி ஓய்ந்திருப்பீர்கள். அந்தப் பேச்சை நம்பித்தான் என் அக்கா வலது மேல் கடைவாயில் ஒரு சொத்தைப் பல்லை நாலு வருஷம் பிடுங்காமல் வைத்திருந்தாள். போன ஐப்பசியில் அவளுடைய கண் போகப் பார்த்தது. காரணம், பிடுங்காமல் விட்ட அந்தப் பல்.

நான் கம்பத்தில் குடியிருக்கிறேன். மலைக்கு மேலே, இடுக்கி மாவட்டத்தில், ஒரு தமிழ் வழிப் பள்ளியில் உயிரியல் நடத்துகிறேன். அக்கா ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிறவள். காலையில் அவள் ஜீப்பில் கம்பம்மெட்டு ஏறுவாள். நான் பஸ்ஸில் குமுளி ஏறுவேன். நான் மருத்துவம் படித்தவள் இல்லை. கண்ணால் பார்த்ததையும், அதற்கப்புறம் படித்துத் தெரிந்துகொண்டதையும், அக்காவைக் காப்பாற்றிய மருத்துவர்களிடம் கேட்டுச் சரிபார்த்ததையும் வைத்து எழுதுகிறேன். யார்மேலும் பிராது கொடுக்க எழுதவில்லை. எந்த மருத்துவமனை, எந்த மருத்துவர் என்று எங்கேயும் சொல்லாததற்கும் அதுதான் காரணம்.

ஆரம்பம் சாதாரணமாகத்தான் இருந்தது. மூக்கடைப்பு. ஆடி, ஆவணியில் மலையில் சாரல் விடாமல் அடிக்கும்போது யாருக்குத்தான் மூக்கு அடைக்காது? "தலையில நீர் கோத்துக்கிருச்சு" என்றாள். நீர்க்கோவை மாத்திரையை இழைத்து நெற்றியில் பற்றுப் போட்டோம். நொச்சி இலை போட்டு ஆவி பிடித்தாள். ஆனால் இரண்டு விஷயம் வழக்கத்துக்கு மாறாக இருந்தது. ஒன்று, வலது மூக்கில் மட்டும்தான் ஒழுகியது. காலையில் பார்த்தால் தலையணை உறையில் ஒரே பக்கம் மஞ்சள் கறை. இன்னொன்று, நாற்றம். "மீன் கழுவுன தண்ணி மாதிரி வாடை அடிக்குது, உனக்கு அடிக்கலையா?" என்று பொழுதன்னைக்கும் கேட்பாள். எனக்கு அடிக்காது.

ஏலச்செடி உச்சியில் காய்ப்பதில்லை என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். தூரிலிருந்து சரம் கிளம்பித் தரையோடு படரும். காய் எடுக்கிறவர்கள் நாள் முழுக்கக் குனிந்தே கிடக்க வேண்டும். குனிந்தால் அக்காவுக்கு வலது கன்னம் கல்லைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி கனக்கும். மூக்கு நுனியிலிருந்து சொட்டும். முந்தானையால் துடைத்துத் துடைத்து மூக்கோரம் புண்ணாகிவிட்டது. ஸ்டோரில் காயை உலர்த்தும்போது அந்த வட்டாரமே மணக்கும். அதற்குள் நின்றுகொண்டிருந்தவளுக்கு அழுகின மீன் வாடைதான் வந்தது. தன் வாயிலிருந்துதான் வருகிறது என்று நினைத்து, ஜீப்பில் யாரோடும் ஒட்டாமல் கடைசி ஓரத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார ஆரம்பித்தாள். வாயில் எந்நேரமும் ஒரு கிராம்பு.

மருந்துக்கடை மாத்திரையில் அஞ்சு நாள் நல்லாயிருக்கும், பத்தாம் நாள் திரும்ப வரும். இப்படி நாலு தடவை. கேரளத்தில் 2024இல் ஆபரேஷன் அம்ரித் என்று ஒன்றைக் கொண்டுவந்து, சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக் விற்கிற கடைகளைப் பிடிக்க ஆரம்பித்தார்கள். நல்ல காரியம். அக்கா என்ன செய்தாள் என்றால், மேலே கிடைக்காததைக் கீழே இறங்கி வந்து வாங்கிக்கொண்டாள். எல்லையோரத்தில் இருப்பதில் இது ஒரு வசதி.

கடைசியில் மலைக்கு மேலேயே ஒரு மூக்கு மருத்துவரிடம் காட்டினோம். அங்கே நடந்ததை இப்போது சொன்னால் சிரிப்பு வரும். பல், மூக்கு, கண் மூன்றுக்கும் மலையாளத்திலும் ஏறக்குறைய அதே சொல்தான். சீழுக்கு மட்டும் வேறு. அந்த மருத்துவர் பொறுமையாகத்தான் கேட்டார்: "மூக்கில்நின்னு பழுப்பு வருந்நுண்டோ?" அக்கா பளிச்சென்று பதில் சொன்னாள்: "இல்லங்க டாக்டரய்யா, பழுப்பு இல்ல, மஞ்சளாத்தான் வருது." மலையாளத்தில் பழுப்பு என்றால் சீழ். நமக்குப் பழுப்பு ஒரு நிறம். சீழ் வருகிறதா என்ற கேள்விக்கு இல்லை என்று பதில் விழுந்துவிட்டது. கூடப் போன எனக்கும் அந்த நேரத்தில் உறைக்கவில்லை, வெட்கமாக இருக்கிறது. அலர்ஜி என்று எழுதி, மூக்கில் அடிக்கிற ஸ்ப்ரேயும் மாத்திரையும் கொடுத்து அனுப்பினார். வாயைத் திறக்கச் சொல்லவில்லை.

கீழே ஒரு பல் மருத்துவரிடமும் போனோம், வாய் நாற்றம் என்று. அவர் சொத்தையைப் பார்த்தார். "வலிக்குதா?" "இல்ல சார்." வலித்தது ரெண்டு வருஷத்துக்கு முன்னால். ஒரு மாதம் உயிர் போகிற மாதிரி வலித்துவிட்டு, தானாக நின்றுபோனது. நின்றதைக் குணம் என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம். உள்ளே நரம்பு செத்துப்போனதால் நின்றது என்று யாரும் சொல்லவில்லை. வலி இல்லாததால் அவசரமும் இல்லாமல் போயிற்று. பல்லை எக்ஸ்ரே எடுக்கவில்லை. சுத்தம் செய்து, ஓட்டையை அடைத்து, வாய் கொப்பளிக்க மருந்து கொடுத்தார். மூக்கு ஒழுகுகிறதா என்று அவர் கேட்கவில்லை, பல்லுக்கு வந்த இடத்தில் மூக்கைப் பற்றி எதற்குச் சொல்ல வேண்டும் என்று அக்காவும் இருந்துவிட்டாள்.

அப்புறம் ஒரு சி.டி. ஸ்கேன். அறிக்கையில் வலது மேக்சில்லரி சைனஸ், அதாவது கன்னத்து எலும்புக்குள் இருக்கும் காற்றறை, முழுக்க அடைப்பு, மூக்குத்தண்டு லேசாக வளைவு என்று இருந்தது. பல்லைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆறு வாரம் கழித்து வேறொரு ஊரில் வேறொரு மருத்துவர் அதே படத்தை வெளிச்சப் பலகையில் மாட்டி, பேனா முனையால் ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டினார். கடைவாய்ப் பல்லின் வேர் நுனியைச் சுற்றி, கரையான் அரித்த மாதிரி ஒரு கருப்பு வட்டம். அதற்கு மேலே எலும்பு அறுந்திருந்தது. மேலே சைனஸ். உயிரியல் நடத்துகிற எனக்கே தெரிந்தது.

ஆனால் அதற்குள் அந்த ராத்திரி வந்துவிட்டது. சனிக்கிழமை வேலை முடிந்து வந்தவளுக்கு வலது இமை தடித்திருந்தது. தோட்டத்தில் ஏதோ பூச்சி கடித்திருக்கும் என்று நினைத்து மஞ்சள் உரசிப் போட்டோம். விடியற்காலையில் கண் முழுசாக மூடிவிட்டது. விரலால் இமையைப் பிரித்தால் விழி முன்னுக்குத் தள்ளி நிற்கிறது, அசைத்தால் வலிக்கிறது. இமையைப் பிரித்துப் பிடித்தபடியே வாசலில் நின்ற ஒரே ஜீப்பைப் பார்த்து, "ரெண்டு வண்டி வந்திருக்கே, எதுக்கு?" என்றாள். ஞாயிற்றுக்கிழமை ஆள் ஏற்ற வேண்டியதில்லை என்பதால் அந்த ஜீப்காரத் தம்பியே எங்களைத் தேனி தாண்டி ஒரு பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். காசு வாங்க மாட்டேன் என்றார்.

அங்கே கண் பிரிவில் இருந்த இளம் டாக்டரம்மா ஒரு மருந்து பாட்டிலின் சிவப்பு மூடியை எடுத்துக் காட்டினார். இடது கண்ணால் பார்க்கச் சொல்லி என்ன நிறம் என்று கேட்டார். "சிவப்பு." வலது கண்ணால்? அக்கா கொஞ்சம் யோசித்தாள். "செங்கப்பொடி மாதிரி இருக்கு." அந்த டாக்டரம்மா மூடியைக் கீழே வைத்த வேகத்தில் போனை எடுத்தார். ஒரு மணி நேரத்துக்குள் மூக்கு மருத்துவர், மயக்க மருத்துவர், பல் மருத்துவர் மூவரும் வந்துவிட்டார்கள். சிவப்பு வெளுத்துத் தெரிந்தால் பார்வை நரம்பு நெருக்கப்படுகிறது என்று அர்த்தமாம். சர்க்கரை 340 இருந்தது. அவளுக்குச் சர்க்கரை இருப்பதே அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும். அன்று ராத்திரியே மூக்கு வழியாகக் கருவியை விட்டுச் சீழை எடுத்தார்கள், பல்லையும் எடுத்தார்கள். பதினோரு நாள் நரம்பு வழி மருந்து. பார்வை திரும்பிவிட்டது.

நான் வகுப்பில் மண்டையோட்டுப் படம் வரைந்து, "இங்கே காற்றறைகள் உள்ளன" என்று ஒரு வரியில் தாண்டிப் போகிறவள். இப்போது அப்படிப் போவதில்லை. கன்னத்து எலும்புக்குள் இருக்கும் அந்த அறை பெரியவர்களுக்கு ஏறக்குறைய 15 மில்லி கொள்ளும். உள்ளே சேர்வது வெளியேற வேண்டிய துளை அடியில் இல்லை, மூக்கை ஒட்டிய சுவரில் உயரத்தில் இருக்கிறது; வாளிக்கு ஓட்டையை விளிம்போரம் போட்ட மாதிரி. நிமிர்ந்து நின்றால் வடியாது, குனிந்தால் வழியும். அந்த அறையின் தரைக்குக் கீழேதான் மேல் கடைவாய்ப் பற்களின் வேர்கள். நடுவில் இருக்கும் எலும்பு மெல்லியது. சிலருக்கு எலும்பே இல்லாமல் வெறும் சவ்வுதான். பல்லில் வாழும் கிருமிகளில் காற்றில்லாமல் பிழைப்பவை நிறைய. அந்த அழுகின வாடை அவற்றுடையது.

இது நேற்றுக் கண்டுபிடித்ததும் இல்லை. 1651இல் நத்தானியல் ஹைமோர் என்ற ஆங்கிலேய மருத்துவர் இந்த அறையை விவரித்தபோதே ஒரு பெண்ணின் கதையைச் சேர்த்துச் சொல்லியிருக்கிறார். கோரைப்பல்லைப் பிடுங்கிய குழியிலிருந்து அவளுக்கு ஓயாமல் நீர் வடிந்தது. அவள் குழிக்குள் வெள்ளி ஊசியை விட்டுப் பார்த்தாள், அப்புறம் இறகுத் தண்டை விட்டுப் பார்த்தாள். அது போய்க்கொண்டே இருக்க, மூளைக்கே போய்விட்டது என்று பயந்து அவரிடம் ஓடி வந்தாளாம். அக்காவிடம் இதைச் சொன்னேன். "அவளாச்சும் உள்ள விட்டுப் பாத்திருக்கா" என்றாள்.

கன்னத்து அறையில் தேங்கிய சீழ் பக்கத்து அறைகளுக்குப் போகும். கண்குழிக்கும் மூக்கோர அறைகளுக்கும் இடையில் உள்ள எலும்புக்கு லத்தீனில் காகிதத் தகடு என்றே பெயர். அதைத் தாண்டினால் கண். 1970இல் சாண்ட்லர் என்பவர் இதை ஐந்து படிகளாக வகுத்தார்: இமை வீக்கம், கண்குழிக்குள் அழற்சி, எலும்புச் சவ்வுக்கு அடியில் சீழ், கண்குழிக்குள்ளேயே சீழ், கடைசியில் மூளைக்கு அடியில் இருக்கும் பெரிய சிரைக்குழியில் ரத்தம் உறைவது. அக்கா மூன்றாவது படியில் இருந்தாள். இன்னொரு வழி மேலே போகிறது: மூளைக்காய்ச்சல், மூளைச்சவ்வுக்கு அடியில் சீழ், மூளைக்குள் கட்டி. இவை அபூர்வம் என்பது எனக்குத் தெரியும். ஆனால் பொறுக்க முடியாத தலைவலியும் வாந்தியும் குளிர்க்காய்ச்சலும் அரைமயக்கமுமாக ஒரு ஆள் வரும்போது, அவர் மூன்று மாதம் முன்னால் பல்லுக்கு வந்தவர் என்பதை யாராவது கேட்டால்தானே தெரியும்?

அபூர்வம் என்று சொன்னது இந்தக் கடைசிக் கட்டத்தை. பல்லிலிருந்து சைனசுக்குப் போவது அப்படி ஒன்றும் அபூர்வம் இல்லை. பழைய பாடநூல்கள் கன்னத்துச் சைனஸ் நோயில் 10, 12 விழுக்காடு பல்லிலிருந்து வருகிறது என்றன. பிந்தைய ஆய்வுகள் 25 முதல் 40 வரை போகின்றன. ஒரே பக்கம் அடைத்திருப்பவர்களை மட்டும் எடுத்தால் இன்னும் கூடுகிறது. 2021இல் பல நாட்டு மூக்கு மருத்துவர்களும் பல் மருத்துவர்களும் கூடி, இந்த நோயை உறுதிசெய்ய இரண்டு துறையும் சேர்ந்து பார்க்க வேண்டும் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள்.

அதே 2021இல் நாமும் ஒரு பாடம் படித்தோம், நினைவிருக்கிறதா? கொரோனாவின் இரண்டாம் அலை. கருப்புப் பூஞ்சை. மே மாதம் தமிழ்நாடு அதை அறிவிக்க வேண்டிய நோயாக்கியது. அந்த ஆறு மாதம் மேல்பல் ஆடுகிறது, அண்ணத்தில் கருப்பு, கன்னம் மரத்துப்போகிறது என்று யார் வந்தாலும் பல், மூக்கு, கண் மூன்று பிரிவும் ஒன்றாக நின்று பார்த்தீர்கள். சர்க்கரை எவ்வளவு என்று வாசலிலேயே கேட்டீர்கள். அந்த அலை போனதும் அவரவர் அறைக்குத் திரும்பிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டது ஏன் என்று எனக்குப் புரியவில்லை.

சரி, நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன். மூக்கு மருத்துவர்களே, ஒரு பக்கம் மட்டும் ஒழுகுகிறது, நாறுகிறது என்று ஒரு ஆள் சொன்னால், அவருக்கு அலர்ஜி என்று எழுதுவதற்கு முன்னால் வாயைத் திறக்கச் சொல்லுங்கள். அந்தப் பக்கத்து மேல்பல்லை ஒரு தட்டுத் தட்டிப் பாருங்கள். முன்பு எப்போதாவது பல் வலித்து நின்றதா, வேர் சிகிச்சை செய்தாரா, பல் எடுத்தாரா என்று கேளுங்கள். சீழ் வருகிறதா என்று கேட்கும்போது சளியைக் கைக்குட்டையில் காட்டச் சொன்னால் மொழியே தேவையில்லை. ஸ்கேனுக்கு எழுதும்போது பல்லையும் பார்க்கச் சொல்லி எழுதுங்கள். அறிக்கை எழுதுகிறவர்களுக்கும் இதுதான்: படத்தில் பல் இருக்கிறது, அதைப் பற்றி ஒரு வரி போடுங்கள். பற்களில் குறை இல்லை என்றால் அதையாவது போடுங்கள். பல்லைக் கவனிக்காமல் மாத்திரையை மட்டும் மாற்றி மாற்றிக் கொடுத்தால் எத்தனை தடவை கொடுத்தாலும் திரும்பத்தான் வரும். வீட்டில் குழாயை மூடாமல் தரையைத் துடைக்கிற வேலை அது.

பல் மருத்துவர்களிடம் கொஞ்சம் கூடவே கேட்கிறேன், உங்களிடம்தான் எங்கள் ஆட்கள் முதலில் வருகிறார்கள். வலி இல்லை என்று சொன்னால் நம்பிவிடாதீர்கள். மேல் கடைவாயில் பெரிய சொத்தையோ பழைய கேப்போ இருந்தால் நரம்பு உயிரோடு இருக்கிறதா என்று சோதியுங்கள், படம் எடுங்கள். வாய் முழுக்க எடுக்கிற ஓ.பி.ஜி. படத்தில் மேல்வேர்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து மறைந்துவிடும் என்கிறார்கள். சந்தேகம் இருந்தால் பல்லையும் எலும்பையும் முப்பரிமாணத்தில் காட்டும் கோன் பீம் ஸ்கேனுக்கு அனுப்புங்கள். செலவுதான். ஆனால் அக்கா ஏறி இறங்கிய தடவைகளில் போன கூலியைக் கூட்டிப் பார்த்தால் அதைவிட அதிகம். பல்லைப் பிடுங்கித்தான் ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை, வேர் சிகிச்சையில் காப்பாற்ற முடிந்தால் காப்பாற்றுங்கள்.

மேல் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினால், குழி மேலே திறந்துவிட்டதா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள். பஞ்சைக் கடித்துக்கொள், ஐஸ்கிரீம் சாப்பிடு என்பதோடு இதையும் சொல்லுங்கள்: ரெண்டு வாரத்துக்கு மூக்கைப் பலமாகச் சிந்தாதே, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்மு, பீடி சிகரெட் வேண்டாம், உறிஞ்சிக் குடிக்காதே. வாய் கொப்பளிக்கும் தண்ணீர் மூக்கு வழியாக வந்தால் அன்றைக்கே திரும்பி வா. அக்காவோடு ஜீப்பில் வருகிற ஒரு மதினிக்கு இப்படித்தான் ஆறு மாதமாகக் காப்பி மூக்கில் வந்துகொண்டிருக்கிறது. பல் பிடுங்கினால் அப்படித்தான் இருக்கும் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்! சின்னத் துளை தானே மூடிக்கொள்ளும். பெரியதைத் தைத்து மூட வேண்டும். போன வாரம்தான் அவரை அனுப்பி வைத்தோம்.

மூக்கில் செய்வது முதலா, பல்லில் செய்வது முதலா என்பது உங்கள் வழக்கு, அதில் நான் தலையிட மாட்டேன். நீங்கள் ஒருவருக்கொருவர் போனில் பேசிக்கொண்டால் போதும். கண் வீங்கி வந்தால் மட்டும் எந்தப் பேச்சும் வேண்டாம், எந்தச் சீட்டும் வேண்டாம், அன்றைக்கே அனுப்பிவிடுங்கள்.

மேல்பல்லைப் பிடுங்கினால் கண் போகும் என்று இனி யாராவது உங்களிடம் சொன்னால் சிரிக்க வேண்டாம் என்பதும் ஒரு வேண்டுகோள். பல்லுக்கும் கண்ணுக்கும் வழி இருக்கிறது என்று யாரோ ஒரு பாட்டி எப்போதோ கண்ணால் கண்டிருக்கிறாள். சீழ்பிடித்த பல்லைக் கடைசி நேரத்தில் பிடுங்கி, அப்புறம் கண்ணும் போயிருக்கும். பழி பிடுங்கினவர்மேல் விழுந்திருக்கும். இது என் ஊகம்தான். ஆனால் இப்படிச் சொல்லிப் பார்த்தால் எங்கள் ஜீப் பெண்கள் கேட்கிறார்கள். "மூடநம்பிக்கை" என்று சொன்னால் கேட்பதில்லை.

அக்காவின் ஸ்கேன் படம் என்னிடம் இருக்கிறது, பல்லைக் குறிப்பிடாத அந்த அறிக்கையும் இருக்கிறது. காட்டலாமா என்று கேட்டேன். "பேரை மட்டும் அழிச்சுரு" என்றாள். உங்கள் சங்கக் கூட்டத்துக்கோ, புதிதாகப் படித்து வருகிற பிள்ளைகளுக்கோ வேண்டுமென்றால் சொல்லுங்கள், கொண்டுவந்து காட்டுகிறேன். அவளும் வருகிறேன் என்றிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமையாக வையுங்கள்; மற்ற நாளில் எனக்குப் பள்ளிக்கூடம், அவளுக்குக் காய் எடுப்பு.

இப்படிக்கு,
ஓர் உயிரியல் ஆசிரியை,
கம்பம்